காலி மேஜை

பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்த லுஸ்விமிண்டா மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணவன் ரோடெல் நிரல் எழுதிக் கட்டிய வீட்டுக்குள் நுழைந்தாள். துபாயில் வேலை பார்க்கும் அவனும் அங்கிருந்தே கண்ணாடி மாட்டி வந்திருந்தான். மேஜை காலி.

“என் பொறந்தநாளையே மறந்துட்டியா? ஆயுசு நீள ஒரு தட்டு பன்சிட் நூடுல்ஸ் வைக்கத் தோணலையா? நான் சீக்கிரம் போய்ச் சேரணுமா?”

பொரிந்து தள்ளினாள். அவன் தலைகுனிந்து நின்றான்.

மூச்சு வாங்க அவள் நிறுத்தியதும் கூரையிலிருந்து மல்லிகை கொட்டியது. மேஜையில் ஆவி பறக்கும் பன்சிட் வந்து நின்றது.

“கையைக்கூட அசைக்கலையே, எப்படி?”

“நீ கதவைத் திறந்ததும் டைமர் ஓட ஆரம்பிச்சிடும். பத்து நிமிஷம் கழிச்சு வர்ற மாதிரி எழுதி வெச்சேன்.”

“வந்ததுமே வெச்சா என்னவாம்?”

“என்னைத் திட்டாம உனக்குப் பொறந்தநாள் விடியாதேடி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பத்து நிமிஷம் எந்த மூலைக்கு? டைமரைத் திருப்பி வை. போன வருஷத்துத் திட்டே பாக்கியிருக்கு.”