முப்பது எண்ணுற வரைக்கும் ஆடக் கூடாது

"ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு நில்லுங்க தம்பி. கையை எங்கயும் புடிக்காதீங்க. கண்ணை மூடுங்க. நான் முப்பது எண்ணுவேன்."

பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படி ஒரு பரீட்சை வரும்னு ஹரிகிருஷ்ணன் நெனைக்கல. பாடச் சொல்றது, நடக்கச் சொல்றதெல்லாம் பொண்ணுக்குத்தான்னு நம்பிக்கிட்டு வந்திருந்தான்.

பரீட்சை வெச்சவரு மேனகாவோட அப்பா கோவிந்தராசு. ரெட்டியார்பாளையத்துல சொந்த வீடு. மில்லுல வேலை பாத்து ரிட்டயரானவரு. இப்ப முழு நேர வேலை ஒழுக்கம். குடிக்கிறவனுக்குப் பொண்ணு கிடையாதுங்கறது அவரு போட்ட சட்டம். புதுச்சேரில உக்காந்துக்கிட்டு இப்படிச் சொல்றது, கடல்ல எறங்கிட்டு கால் நனையக் கூடாதுங்கற மாதிரி. ஆனா சட்டம் சட்டம்தான்.

போன்ல ஏதோ வீடியோ பாத்து இந்தப் பரீட்சையைப் புடிச்சாரு. இதுவரைக்கும் மூணு மாப்ள ஃபெயில். அதுல ஒருத்தரு கண்ணை மூடச் சொன்னதுக்கே பயந்து சோபாவுல உக்காந்துட்டாரு.

"அய்யா, நான் காலையில நாலு மணிக்குத்தான் கரைக்கு வந்தேன். ஏழு நாள் கடல். ரெண்டு நாள் கழிச்சு வெச்சுக்கலாமா?"

"குடிச்சவன்தான் வாய்தா கேப்பான்."

ஹரிகிருஷ்ணன் வைத்திக்குப்பத்துப் பையன். விசைப்படகு ஓட்டுறவன். போன வருஷம் தோள்பட்டை வலின்னு மேனகாகிட்ட போனான். அவ பிசியோதெரபிஸ்ட். வலி மூணு வாரத்துல போயிடுச்சு. அவன் ஆறு மாசம் போனான். இன்னைக்கு இந்த வீட்ல நின்னு ஜெயிக்கலைன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சாவது மாப்ள வர்றான்.

கண்ணை மூடினான்.

மூடினதும் ரெட்டியார்பாளையம் கடலுக்குப் போயிடுச்சு. டைல்ஸ் தரை இந்தப் பக்கம் ஏறுது, அந்தப் பக்கம் எறங்குது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அஞ்சுல சாஞ்சான். ஏழுல ஷோகேஸ் மேல போய் இடிச்சான். உள்ள இருந்த பொம்மையெல்லாம் ஒரு தடவை குலுங்கி நின்னுச்சு.

"எட்டுக்கு அவசியமே இல்ல," கோவிந்தராசு எண்ணுறதை நிறுத்திட்டாரு.

"அய்யா, வாயை வேணா மோந்து பாருங்க."

"இப்பல்லாம் வாசனை வராத சரக்கு வந்துடுச்சு தம்பி."

"அப்படியாங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?" கூட வந்த தாய்மாமன் கிருஷ்ணசாமி வெள்ளந்தியா கேட்டாரு.

"பேப்பர்ல படிச்சேன்."

உள்ரூம்லேருந்து மேனகா வெளிய வந்துட்டா.

"அப்பா, காதுக்குள்ள கொஞ்சம் தண்ணி இருக்கு. ஒடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு அதுதான் மூளைக்குச் சொல்லும். கண்ணும் பாதமும் கூடச் சேந்து சொல்லும். ஏழு நாள் அலையில நின்ன ஒடம்பு அந்த ஆட்டத்துக்குப் பழகிடும். கரைக்கு வந்தாலும் ஒடனே விடாது. இதுல கண்ணையும் மூடச் சொன்னா அவரு என்ன பண்ணுவாரு?"

"காதுல இருக்கிற தண்ணியை விடு. வயித்துல இருக்கிற தண்ணிக்குப் பதில் சொல்லு."

"கண்ணை மூடினா யாரா இருந்தாலும் கொஞ்சம் ஆடுவாங்கப்பா. ஒடம்பு ஆடி ஆடித்தான் தன்னை நிமித்திக்கும். ஆடாம நிக்கிறது லைட்டுக் கம்பம் ஒண்ணுதான்."

"அப்ப நான் நிக்கிறேன்," எழுந்தாரு கிருஷ்ணசாமி. சோடா குடிச்சு ஏப்பம் விட்டாக்கூட சாமிகிட்ட மன்னிப்புக் கேக்குற ஆளு. கண்ணை மூடினாரு. பத்துக்குள்ள முன்னாடியும் பின்னாடியும் லேசா ஆட ஆரம்பிச்சிட்டாரு.

"ஓ, குடும்பமே அப்படித்தானா," கோவிந்தராசு தலையாட்டினாரு. "தள்ளுங்க. ஒழுக்கமா இருக்கிறவன் எப்படி நிப்பான்னு காட்டுறேன். மேனகா, நீயே எண்ணும்மா."

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு நடு ஹால்ல நின்னாரு. காலை ஒட்டி வெச்சாரு. கண்ணை மூடினாரு.

பத்து. இருபது. முப்பது.

"நிறுத்தாத, எண்ணு."

அறுபது. ஃபேன் காத்துல வேட்டி ஆடுது, மனுசன் ஆடல. தலை, தோளு, முட்டி, எல்லாம் சிமெண்டு போட்ட மாதிரி. ஒரு ஈ வந்து மூக்குல உக்காந்து, இது வீட்டுச் சாமான்னு நெனச்சு எறக்கையைத் தேய்ச்சிக்கிட்டு இருந்துச்சு.

தொண்ணூறு வரைக்கும் மேனகா எண்ணினா. அதுக்கு மேல எண்ணல.

கோவிந்தராசு கண்ணைத் தெறந்தாரு. "பாத்தீங்களா? இதான் வித்தியாசம். போயிட்டு வாங்க தம்பி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

ஹரிகிருஷ்ணன் மேனகா பக்கம் திரும்பல. செவுத்தைப் புடிச்சுக்கிட்டே வாசலுக்குப் போயி, குனிஞ்சு செருப்பைத் தேடினான். அதுவும் அலையில மெதக்குற மாதிரி ஆடுச்சு.

அதுவரைக்கும் அடுப்பங்கரையில இருந்த மேனகாவோட அம்மா ஜெயம், காபித் தட்டோட வெளிய வந்தாங்க. நேரா வாசலுக்குப் போயி அவன்கிட்ட நீட்டினாங்க.

"உக்காந்து குடிங்க மாப்ள. வைகாசில நாள் பாக்கலாம். மீன்புடி தடைக்காலம், நீங்களும் கரையில இருப்பீங்க."

கோவிந்தராசுக்கு முகம் செவந்துடுச்சு. "யாருடி மாப்ள? நிக்கத் தெரியாம ஷோகேஸ்ல முட்டிக்கிட்டவனா?"

ஜெயம் தட்டைக் கீழ வெச்சாங்க. கொரலை ஒசத்தல.

"குடிக்காத அன்னைக்கு நீங்களும் அவங்க மாமா மாதிரி லேசா ஆடுவீங்க. சரக்கு உள்ள போயிருந்தாத்தான், எனக்குத் தெரியக் கூடாதுன்னு இப்படி வெறப்பா நிப்பீங்க. இருபத்தெட்டு வருஷமா ராத்திரியில உங்களுக்குக் கதவைத் தெறந்து விடுறவ நான்."