கயிறு அவிழ்ந்த பெயர்

லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில், மை தடவும் தோல்பந்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை ஆக்னஸ் அச்சடிக்கப் போகிறாள்!

"கடைசி வரியில வழக்கம்போல நான்தான்," என்றது ஈய எழுத்துக் கட்டு ஒன்று. 'அச்சிட்டவர் ஹம்ப்ரி' என்ற அந்த வரி எல்லாப் புத்தகத்துக்கும் வேண்டும் என்பதால், அதை மட்டும் பிரிக்காமல் கயிறு கட்டியே வைத்திருந்தார்கள். "என்னைப் பார்த்துத்தானே கடையில வாங்குறாங்க?"

"ஆக்னஸோட புருஷன் ஹம்ப்ரி போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு! இன்னும் உன் பவுசு குறையலையே!" என்று பொருமியது பந்து.

ஆக்னஸ் அந்தக் கட்டைக் கையில் எடுத்தாள். பந்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவள் கயிற்றையல்லவா அவிழ்த்தாள்!

"ஐயோ, சிதறிடுவேனே!" என்று அலறிக்கொண்டே ஹம்ப்ரியின் பெயர் எழுத்துப் பெட்டிக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது. அதே கயிற்றால் கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆக்னஸ் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தாள். பந்து குதித்துக் குதித்து மை தடவியது.

"யாருப்பா இந்த ஆக்னஸ்? புதுசா இருக்கே," என்றது அச்சு இயந்திரம்.

"அடப்பாவி!" என்றது பந்து. "இத்தனை வருஷமா உன் கைப்பிடியைப் பிடிச்சு இழுக்கிறது யாருன்னு நினைச்சே?"