கருவிழியின் வளைவு

பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்டை முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய சீருடையோடு வாசுகி கண் மருத்துவமனையில் அளவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கண்புரை எடுத்து லென்ஸ் வைக்கும் அறுவை சிகிச்சை வியாழக்கிழமை. அளவெடுக்கும் நிகோலுக்கு இவள் இன்று பதினெட்டாவது ஆள். விளக்கணைத்த அறையில் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கருவிழியில் வட்டமாக விழுகின்றன. வாசுகியின் தலை தூக்கத்தில் சரிகிறது. நிகோல் மெல்ல நிமிர்த்துகிறாள். மூன்றாம் முறையும் திரையில் முப்பத்தெட்டு. நாற்பத்து மூன்றை ஒட்டி வரவேண்டிய வளைவு இது. கிட்டப்பார்வைக்கு லேசர் பட்ட கண்தான் இவ்வளவு தட்டையாக இருக்கும். அதற்குக் கணக்கே வேறு. தெரியாமல் லென்ஸ் வைத்தால் பார்வை தெளியாது.

“அக்கா, முன்ன கண்ணுல லேசர் ஏதாச்சும் செஞ்சீங்களா?”

“அவளுக்கா?” சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கணவர் காளிதாசன் சிரிக்கிறார். “பொண்ணு பாக்கப் போனப்ப எங்கம்மா ஊசியில நூல் கோக்கச் சொல்லி பாத்துட்டுத்தான்லா சரின்னாங்க. கண்ணாடியே போடாத வம்சம்.”

நிகோல் குரலைத் தாழ்த்துகிறாள். “நீங்கதான் சொல்லணும்க்கா. லென்ஸ் தப்பாப் போச்சுன்னா ஃபேக்டரியில கம்ப்யூட்டர் சிப்பு பாக்குற வேலைய செய்ய முடியாது.”

வாசுகி தாடையைக் கருவியிலிருந்து எடுக்கவில்லை. சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தபடியே சொல்கிறாள்.

“செஞ்சேன்மா. இவங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு மூணு மாசம் முந்தி, பினாங்குல. அதுவரைக்கும் ஆறு வயசுலேருந்து தடிக் கண்ணாடிதான்.”