முதலை கடித்த குடுவை

யார்க்‌ஷர் ஏலத்திலிருந்து திரும்பிய ரூபர்ட் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மார்ஜரி, நம்ம விஸ்கிக் குடுவைக்கு ஜோடி கிடைச்சிருச்சு. அதே வெள்ளி மூடி, அதே முதலைத்தோல் உறை. போட்டிக்கு வந்தவனை மண்ணைக் கவ்வ வெச்சுட்டேன்."

"தோல்ல பல் தடம் இருக்கே?" மார்ஜரி உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வேற முதலை கடிச்ச தழும்பாம். மதிப்பே அதுக்குத்தான். உனக்கு எங்க புரியப்போகுது?"

அவர்களுடைய கிழநாய் எழுந்து வந்து, குடுவையை மோந்து, அந்தத் தழும்பிலேயே கச்சிதமாகப் பல்லைப் பதித்தது.

"விடு சனியனே. மார்ஜரி, அலமாரியில இருக்கிறதை எடுத்துட்டு வா, ஜோடியா வெச்சுப் பார்ப்போம்."

போன மாதம் நாய் கடித்ததை மறைக்க, குடுவையை ரகசியமாக ஏலக்காரரிடம் தள்ளிவிட்டிருந்த மார்ஜரி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதைத்தான் எடுத்துட்டு வந்திருக்கே, ரூபர்ட்."