முன் சீட்டில் ஒரு பை

"பை முன்னாடி, நாம பின்னாடி. நல்லா இருக்குல்ல நமக்குக் கிடைக்கிற மரியாதை?" ஸ்டோர்ஸ்காரர் அவள் காதோரம் முணுமுணுத்தார்.

வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்கே தெரியும்.

பர்ச்சேஸ் மேனேஜர் ஓட்டிக்கொண்டிருந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் கார். பக்கத்து சீட்டில் அவருடைய ஆபீஸ் பை புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் பில் செக்‌ஷனில் வேலை பார்க்கும் அவள், ஸ்டோர்ஸ்காரர், கேஷியர் மூவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள்.

பம்ப் கம்பெனி நெடுஞ்சாலையில் வெகு தூரம் தள்ளி இருந்தது. பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு நால்வரும் ஒன்றாகப் போய்வருவது வழக்கம். மேனேஜரின் பழைய குட்டிக் காரில் முன் சீட் அவளுக்கென்றே இருந்தது. இந்தக் கார் வந்ததும் அது பைக்குப் போய்விட்டது.

"எல்லாரும் பெல்ட் போட்டாச்சா?" மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இங்க மூச்சு விடவே இடமில்லை. பெல்ட் வேறயா சார்?" என்றார் கேஷியர்.

"போடுங்க. பேச்சே வேண்டாம்."

கார் வாங்குவதற்கு முன்பு இவர் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நட்டு வாங்கினால்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கீறல் தெரிந்தால் லோடு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார். கம்பெனியில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்றே பெயர். "என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பிறந்து வரணும்" என்று கேண்டீனில் சொல்லிச் சொல்லி எல்லோர் காதிலும் ரத்தம் வராத குறை.

"நீங்க கேட்டா மறுக்க மாட்டார். கேளுங்களேன்" என்று ஸ்டோர்ஸ்காரர் மறுபடி கிசுகிசுத்தார்.

"ஏன், உங்க வாயை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபத்தை விழுங்கிக்கொள்ள அவளுக்குக் காரணம் இருந்தது. கணவனுக்கு இரவு ஷிப்ட். அவன் கிளம்புவதற்குள் இவள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். தவழ்கிற குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இந்தக் கார் இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை.

ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அன்று பூராவும் பில்களைத் தப்புத் தப்பாகக் கூட்டினாள். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது.

சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் காரிடம் வந்து நின்றாள். மேனேஜர் பூட்டைத் திறந்து, பையை முன் சீட்டில் வைத்துவிட்டு, டயர் காற்றைப் பார்க்கக் குனிந்தார். அவ்வளவுதான். அவள் பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நிமிர்ந்தவர் முகம் மாறிப்போயிற்று.

"பின்னாடி போய் உட்காரும்மா."

"ஏன் சார்?"

"சொன்னா கேளு."

"பைக்கு இருக்கிற மதிப்பு எங்களுக்கு இல்லையா சார்? நாங்க உட்கார்ந்தா ஜெர்மன் கார் அழுக்காயிடுமா?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு வெளியிலேயே நின்றார்.

"அவங்களாவது சௌகரியமா வரட்டுமே சார்" என்று, அதற்குள் கேஷியரோடு வந்து பின் சீட்டில் ஏறியிருந்த ஸ்டோர்ஸ்காரர் எண்ணெய் ஊற்றினார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய போன் அடித்தது.

"கிளம்பிட்டியா?" என்றான் கணவன். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"கிளம்பிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன்."

இறங்கிப் பின்னால் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் உடம்பு அசைய மறுத்தது.

"காரணத்தைச் சொல்லுங்க சார், இறங்கறேன். சொல்ல முடியாதுன்னா நாளையிலேருந்து நான் வரலை. வேலையே போனாலும் போகட்டும்."

மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவள் பக்கம் வந்து ஜன்னலில் குனிந்தார். கேண்டீனையே அதிரவைக்கிற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"இந்த சீட்டுக்கு ஏர்பேக் இல்லைம்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"முன்னாடி வச்சிருந்தவன் எங்கேயோ மோதியிருக்கான். அப்பவே அது வெடிச்சுப் போயிருக்கு. புதுசு மாட்டாம, வெறும் மூடியை ஒட்டி என் தலையில கட்டிட்டான். வாங்கின பிறகுதான் தெரிஞ்சது. வேற ஒண்ணுக்குச் சொல்லி வச்சிருக்கேன், இன்னும் வரலை. நெடுஞ்சாலையில ஏதாவது ஒண்ணுன்னா, இங்க உட்கார்ந்திருக்கிறவங்க கதி என்ன ஆகும்?"

பின் சீட்டிலிருந்த இருவரும் எட்டி அந்த மூடியைப் பார்த்தார்கள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?" அவளுக்கு அழுகை வந்தது. "உங்களை என்னவெல்லாம் பேசிட்டோம்..."

"எப்படிம்மா சொல்றது? ரிஜெக்ட்டையே ஒருத்தன் ஏமாத்திட்டான்னு கம்பெனியே கைகொட்டிச் சிரிக்குமே. அதுக்கு நீங்க மூணு பேரும் என்னைத் திமிர் பிடிச்சவன்னு திட்டறதே மேல்னு இருந்துட்டேன்."

அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

"இப்ப சொல்லியாச்சு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நீ பின்னாடி போ. உன் குழந்தைகிட்ட உன்னை முழுசாக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."