E-யைக் காணோம்

"இந்த E இருக்கு பாருங்கோ, இதை அம்மா கண்ணுல படாம பண்ணிடணும்," என்றாள் மதுமதி, குரலைத் தாழ்த்தி.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்து வந்திருந்த பிரபு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். போன வாரம்தான் அவளுடைய உடைந்த போனில் இருந்ததையெல்லாம் மீட்டு, ஒரு புது ஹார்ட் டிஸ்கில் போட்டு, இந்தக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுப் போனான். C, D இரண்டும் ஏற்கெனவே இருந்ததால், புது டிஸ்குக்கு E என்று கம்ப்யூட்டரே பெயர் வைத்துவிட்டது.

"அழிச்சிடணுமா மேடம்?"

"ஐயையோ, அழிச்சுடாதீங்கோ! அதுல அவரோட குரல் இருக்கு. அம்மா மட்டும் பாக்கக் கூடாது."

அவர் என்றால் வெங்கடேஷ், மதுமதியின் கணவன். போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. அம்மா என்றால் அவனைப் பெற்ற பங்கஜம் மாமி. சமையலறையில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

பிரபுவுக்குச் சுர்ரென்றது. பெத்தவளுக்கு இல்லாத உரிமை இவளுக்கு மட்டும் இன்னா கீது?

மாமி போன வாரமே அவனிடம் சொல்லி அழுதிருந்தாள். "ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கிடந்தேன்பா. 'உள்ளே வராதீங்கோ'ன்னுட்டா மகராசி. கடைசியில என் புள்ளையை மூஞ்சிகூடத் தெரியாம துணியைச் சுத்தித்தான் வெளியில கொண்டுவந்தா."

அதிலிருந்து மாமி மருமகளோடு நேராகப் பேசுவதில்லை. காபி வேண்டுமென்றால் ஃபில்டரைப் பார்த்துச் சொல்வாள். சாப்பிட நேரமாச்சு என்றால் குக்கரிடம் சொல்வாள். மதுமதியும் மாத்திரையை வேளாவேளைக்குத் தண்ணீரோடு மேஜையில் வைத்துவிட்டு, பேசாமல் நகர்ந்துவிடுவாள்.

மயிலாப்பூரில் அந்த அப்பார்ட்மென்ட்டில் இஸ்திரிக்காரர் முதல் கீரைக்காரம்மா வரை எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஊர் வாய்க்கு அவல் கிடைத்தால் விடுமா? மதுமதியை நல்லவள் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் கிடையாது.

"அந்த E-ங்கிற எழுத்தை மட்டும் எடுத்துட்டா போதும் மேடம்," என்றான் பிரபு வேண்டாவெறுப்பாக. "கதவு நம்பர் இல்லாத வீடு மாதிரி. உள்ள எல்லாம் அப்டியே கீது, தேடுறவங்களுக்குத்தான் தெரியாது."

எடுத்தான். திரையில் C இருந்தது, D இருந்தது. E போய்விட்டது.

கீழே ஹாரன் அலறியது.

"தண்ணி லாரி வந்துடுத்து. சம்ப்பைத் திறந்து விட்டுட்டு வந்துடறேன்," என்று மதுமதி ஓடினாள்.

அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டதும் மாமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மாமிக்கு அதில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். D-யைத் தட்டினால் வெங்கடேஷ் வருவான். பூணூல் போட்டுக்கொள்வான், கல்யாணம் பண்ணிக்கொள்வான், கொலுப் பெட்டியை இறக்கப் பரணில் ஏறுவான். தினமும் விளக்கேற்றிய கையோடு வந்து பார்த்துவிடுவாள்.

"ஏன்பா, இது C-லேர்ந்துதானே ஆரம்பிக்கறது. A, B எல்லாம் எங்கே போச்சு?"

"அது அந்தக் காலத்து ஃப்ளாப்பி டிஸ்குக்கு மாமி. இப்ப ஃப்ளாப்பியே இல்ல. ஆனாலும் அந்த ரெண்டு எழுத்தையும் கம்ப்யூட்டர் தானா வேற எதுக்கும் தூக்கிக் குடுக்காது."

"போனவாளுக்கு எடம் போட்டு வெச்சிருக்குன்னு சொல்லு. மிஷினுக்கு இருக்கற ஈரம்கூட இந்தாத்துல இல்லை," என்றாள் மாமி. அப்புறம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "நேத்திக்குத்தான் கவனிச்சேன், D-க்குக் கீழே E-ன்னு ஒண்ணு இருந்துதே. திறக்கறதுக்குள்ளே கரன்ட் போயிடுத்து. இப்போ காணோமே?"

பிரபு வாசல் பக்கம் பார்த்தான்.

"அவ எடுக்கச் சொன்னாளா? வெங்கி இருக்கானா அதுல?" மாமி அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரே ஒருதரம் பாத்துட்டுப் போறேன்பா. உனக்கும் ஒரு அம்மா இருப்பாளோல்லியோ?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. கடையில் புகார் பண்ணினால் பண்ணட்டும், வேலை போனால் போகட்டும். அந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு நான் இன்னாத்துக்குத் துணை போவணும்?

டிஸ்குக்கு E-யைத் திரும்பக் கொடுத்தான்.

முதலில் இருந்த வீடியோவை மாமியே தட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி யாரோ தன்னையே போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தலையில் ஒரு முடி இல்லை. கன்னம் ஒட்டி, மூக்கில் குழாய். மாமிக்கு ஒரு நிமிஷம் ஆள் தெரியவில்லை. கண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

"ஐயோ, வெங்கி! என்னடா கோலம் இது!"

வாசலில் மதுமதி. "நிறுத்துங்கோ! பிரபு, நிறுத்துங்கோ அதை!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

மவுஸுக்கு நீண்ட பிரபுவின் கையை மாமி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இதைக்கூடவாடி எங்கிட்டேர்ந்து ஒளிச்சே? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

மதுமதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையில் வெங்கடேஷ் மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

"மது... அம்மா வெளியில நிக்கறாளாமே. உள்ளே விட்டுடாதே. இந்த மூஞ்சியைப் பாத்தா அவ தாங்கமாட்டா. நான்தான் வேண்டாம்னேன்னு தெரிஞ்சா, அதையும் தாங்கமாட்டா. அதனால நீ விடலைன்னே இருக்கட்டும். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கோ, எனக்காக."