நோயாளி காதில் விழாமல்

“மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க. இங்க வலிக்குதா?”

லுபிங்காவின் விரல்கள் கிழவரின் வலது விலாவுக்குக் கீழே அழுத்தித் தேடின. அவளுக்கு நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. அவளைப் பார்த்ததுமே பக்கத்துக் கட்டில்காரர் சிகரெட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டார்.

“வலியே இல்ல, டாக்டரம்மா,” என்றார் கிழவர் திஹோமிர். “பெரிய டாக்டர் நீங்களே வந்துட்டீங்க. இனிமே எனக்கென்ன கவலை?”

“நான் டாக்டரே இல்லைங்க. மாணவி.”

“நல்லா ஜோக் அடிக்கிறீங்க!”

ஜோக் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் அவள் மருத்துவக் கல்லூரி மாணவி. இன்று நோயாளியின் கட்டிலருகே வைத்துத் தேர்வு. ஏற்கெனவே மூன்று முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் தவறினால் கல்லூரியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ரயில்வே டிக்கெட் கவுண்டர் வேலையை உதறிவிட்டு வந்தவள். திரும்பிப் போகவும் வழியில்லை.

கதவிடுக்கில் ஒரு தலை நீண்டது. கூடப் படிக்கும் ஸ்லாவிட்சா. லுபிங்காவின் மகளைவிடச் சின்னவள்.

“அத்தை! வுகாஷின் சார் அடுத்த வார்டுக்கு வந்துட்டாரு. ஒருத்தியை அழ வெச்சே அனுப்பிட்டாரு. லத்தீன்ல மட்டும் உளறிடாதீங்க!”

“போடி, பயமுறுத்தாதே!”

நோயாளிக்குத் தெரியக்கூடாததை, இப்போது யாரும் பேசாத லத்தீனில் சொல்வது அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே அதைப் படித்து வந்தவர்கள். லுபிங்கா கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தொடங்கினாள். மனப்பாடம் செய்ததில் பாதி மறுநாள் காலையில் நிற்காது.

கிழவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக் காதில் கிசுகிசுத்தார். “பித்தப்பையில கல்லுனு சொல்லிட்டுப் போங்க. என் மகன்கிட்ட டாக்டர் அதான் சொன்னாராம். முன்னாடி வந்த பசங்களுக்கும் எடுத்துக் குடுத்தேன்.”

சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவர் கண்கள் மஞ்சளாக இருந்தன. வலி இல்லை. விரலுக்கடியில் பித்தப்பை வழவழவென்று புடைத்து நின்றது. கல் என்றால் துடிக்க வைத்திருக்கும். இது கல் இல்லை.

விரல்களை எடுக்காமலே பேச்சுக் கொடுத்தாள். “என்ன வேலை பார்த்தீங்க?”

“செத்துப்போன ஒண்ணைக் கட்டிக்கிட்டு ஆயுசு முழுக்க மாரடிச்சேன்மா.”

கல்லறைத் தோட்டத்து வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“இந்தச் சின்னப் பசங்க என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறாங்க,” என்றார் கிழவர். “நீங்க நாலும் பார்த்தவங்க. நெஜத்தைச் சொல்லுங்க, கல்லுதானே? வசந்தத்துல பேத்திக்குக் கல்யாணம். கோட்டுத் தைக்கக் குடுக்கலாமா?”

லுபிங்கா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“கல்லுதாங்க. தைக்கக் குடுங்க.”

கதவு படாரென்று திறந்தது. பேராசிரியர் வுகாஷின், பின்னால் இரண்டு உதவியாளர்கள். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன மேடம், இன்னிக்காவது வண்டி கிளம்புமா?”

உதவியாளர்கள் சிரித்தார்கள். லுபிங்கா குரலைத் தாழ்த்தினாள். “சார், கொஞ்சம் வெளியில வந்து சொல்லட்டுமா?”

“தேர்வு கட்டில்கிட்டதான். வயசுக்காகச் சட்டத்தை மாத்த முடியாது. லத்தீன் எதுக்கு இருக்கு? சொல்லுங்க, என்ன நோய்?”

கிழவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, ‘கல்லு, கல்லு’ என்று எடுத்துக் கொடுத்தார்.

‘கல்’ என்றால் தேர்வு போச்சு. வேறு சொன்னால், இந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

“நியோபிளாஸ்மா... காபிடிஸ் பான்கிரியாடிஸ்.”

கணையத்தின் தலைப்பகுதியில் புற்று. வுகாஷினின் புருவம் உயர்ந்தது.

“ப்ரொக்னோசிஸ்?” பிழைப்பாரா, மாட்டாரா என்று கேட்கிறார்.

தேறாது என்பதற்கான சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதன் கடைசி எழுத்துகள்தாம் வழுக்கின. பைக்குள் கைவிட்டுத் துழாவுவதுபோல் ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“ப்ரொக்னோசிஸ்... இன்ஃபௌஸ்டுஸ்.”

வுகாஷின் அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லையே மேடம், தேறிட்டீங்க. பாஸ்!”

அவர்கள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள். வாசலில் ஸ்லாவிட்சா கட்டை விரலை உயர்த்திக் குதித்தாள். லுபிங்கா பதிலுக்குக் கையசைத்தாள். நல்லவேளை, கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு நிம்மதியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

கிழவர் பைஜாமாச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொத்தான் துளைக்குள் போகாமல் அடம்பிடித்தது.

“பாஸாயிட்டீங்களாம்மா?”

“ஆமாங்க. உங்க புண்ணியம்.”

“நல்லா இருங்க.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் அவசரமாகத் திரும்பினாள். இரண்டடி வைப்பதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. கரும்பலகை முன்னால் நின்று பழகிய, நிதானமான குரல்.

“ஒரே ஒரு தப்பும்மா, ப்ரொக்னோசிஸ் பெண்பால்... ‘இன்ஃபௌஸ்டா’ன்னு வரணும்.”